மானிட்டரின் முதுகைப் பார்த்துவிட்டுக் கன்சோலை மாட்டுங்கள்

நெல்லைச் சீமையில் மேலப்பாளையம், கடையநல்லூர் பக்கம் வளைகுடாவிலிருந்து லீவுக்கு வருகிறவர்களின் பெட்டியில் இப்போது சாக்லேட்டோடு பிளேஸ்டேஷன் என்கிற வீடியோ கேம் கன்சோலும் வந்து இறங்குகிறது. வீட்டில் டிவி ஒன்றுதான், சாயங்காலம் ஆனால் அது சீரியலுக்கு. மாடியில் சும்மா கிடக்கும் கம்ப்யூட்டர் மானிட்டரில் மாட்டலாமா என்று பையன்கள் கேட்கிறார்கள். தாராளமாக மாட்டலாம். விலை குறைந்த பெரிய டிவியைவிடச் சாதாரண 24 இன்ச் மானிட்டரில் விளையாட்டு கைக்கு நன்றாகவே வசப்படும். டிவி படத்தை மெருகேற்றுகிறேன் என்று உள்ளே ஏதேதோ செய்துவிட்டுத்தான் திரையில் காட்டும். விநாடிக்கு 60 படம் ஓடும்போது ஒரு படத்துக்குக் கிடைப்பது 16.7 மில்லிவிநாடி. இந்த வேலையைக் குறைக்கும் கேம் மோடு போடாத டிவிகளில் இந்த மெருகேற்றத்திலேயே பல படங்களின் நேரம் போய்விடும். பட்டனை அழுத்தியதற்கும் திரையில் அடி விழுவதற்கும் நடுவே ஓர் இழுவை தெரிவது அதனால்தான். மானிட்டரில் அந்த வேலை பெரும்பாலும் கிடையாது.

ஆனால் கன்சோலின் வயரைக் கையில் வைத்துக்கொண்டு பொருத்தமான ஓட்டையைத் தேடுவது தலைகீழ் வேலை. எந்தப் படம் போக வேண்டும் என்பதை முடிவு செய்வது மானிட்டர். கன்சோல் அதற்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது. அந்தப் பேச்சுவார்த்தை எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் ‘நோ சிக்னல்’ வரும்போது பாதிக்கு மேல் நாமே சரிசெய்துவிடலாம்.

படமும் ஒலியும் ஒரே வயரில் போகும் எச்டிஎம்ஐ பின்னில் 19 கால்கள். வயரைச் சொருகியதும் கன்சோல் 18ஆம் காலில் 5 வோல்ட் கொடுக்கும். மானிட்டர் 19ஆம் காலை உயர்த்தி, தான் இருப்பதைத் தெரிவிக்கும். உடனே கன்சோல் 15, 16ஆம் கால்கள் வழியே மானிட்டருக்குள் இருக்கும் சின்ன மெமரி சிப்பைப் படிக்கும். ஈடிஐடி என்கிற இந்தத் தகவல்தான் மானிட்டரின் ஜாதகம்: எந்த ரெசல்யூஷன், அதாவது எத்தனை புள்ளிப் படம் ஏற்கும், விநாடிக்கு எத்தனை படம் தாங்கும், ஒலி வாங்குமா வாங்காதா, எல்லாம் அதில் இருக்கும். அதற்குப் பிறகு எச்டிசிபி என்ற காப்புரிமைப் பூட்டுக்கான சரிபார்ப்பு. இவையெல்லாம் முடிந்தால்தான் படம். நடுவில் ஒன்று தவறினாலும் திரை கறுப்பாகவே நிற்கும், இத்தனைக்கும் எந்தப் பொருளும் கெட்டுப்போயிருக்காது.

ஆகவே முதலில் மானிட்டரை ஆன் செய்து, அதன் மெனுவில் இன்புட்டை நாமே எச்டிஎம்ஐ என்று மாற்றிவிட்டு, கடைசியாகக் கன்சோலை ஆன் செய்யுங்கள். பழைய மானிட்டர்கள் பலவற்றில் ‘ஆட்டோ’ என்று போட்டிருந்தாலும் விஜிஏ என்ற பழைய இணைப்பைத்தான் முதலில் தேடும், அங்கே ஒன்றும் இல்லையென்றால் தூங்கிவிடும். தூங்கும் மானிட்டர் சிப்பைச் சரியாகப் படிக்கவிடாமல் போகவும் வாய்ப்பு உண்டு.

முன்பு 4கே டிவியில் ஓடிய கன்சோலை மானிட்டருக்கு மாற்றியதும் படம் வரவில்லையென்றால், பிளேஸ்டேஷன் 4, 5 இரண்டிலும் சேஃப் மோடு கைகொடுக்கும். ரெஸ்ட் மோடில் விடாமல் கன்சோலை முழுதாக அணையுங்கள். பவர் பட்டனை அழுத்திப் பிடித்தால் உடனே ஒரு பீப் வரும், ஏறக்குறைய 7 விநாடியில் இன்னொன்று. இரண்டாவது கேட்டதும் விரலை எடுங்கள். கன்ட்ரோலரை யுஎஸ்பி வயரில் மாட்டி நடுப்பட்டனை அழுத்தினால் ஒரு பட்டியல் வரும், அதில் இரண்டாவது வரி திரை சம்பந்தப்பட்டது, அதைத் தேர்ந்தெடுத்து மாற்றுங்கள். வயரை மாட்டிய பிறகும் கன்ட்ரோலர் அசையவில்லையென்றால், அது சார்ஜ் மட்டும் ஏற்றும் வயர். போன் சார்ஜரோடு வரும் மலிவான வயர்கள் சிலவற்றுக்குள் டேட்டா கம்பியே இருக்காது. வேறு வயர் போட்டுப் பாருங்கள்.

இனி முதுகுப் பக்கம். எச்டிஎம்ஐ ஓட்டை இருந்தால் கன்சோலோடு வந்த வயரையே நேராக மாட்டுங்கள், வேறொன்றும் வேண்டாம். சிக்கல் டிவிஐ, டிஸ்ப்ளே போர்ட், விஜிஏ என்ற மற்ற மூன்று ஓட்டைகளில்தான். பாளையங்கோட்டை, வண்ணார்பேட்டை கடைகளில் செகண்ட் ஹேண்டாகக் கிடைக்கும் மானிட்டர்களில் நிறைய, அலுவலகங்களிலிருந்து கழித்துவிட்டவை. திரை தரமாக இருக்கும், 22 அல்லது 24 இன்ச், 1920க்கு 1080 புள்ளி, அதாவது 1080பி. ஆனால் பின்னால் டிவிஐ, டிஸ்ப்ளே போர்ட், விஜிஏ மட்டும் இருந்து எச்டிஎம்ஐ இல்லாமல் போகும்.

டிவிஐ இருந்தால் கவலை இல்லை. 1999இல் வந்த டிவிஐயும் 2002இல் வந்த எச்டிஎம்ஐயும் படத்தை அனுப்பும் முறை ஒன்றே, பின்னின் உருவம்தான் வேறு. அதனால் ஒரு பக்கம் எச்டிஎம்ஐ, மறுபக்கம் டிவிஐ என்று இருக்கும் சாதா வயரே போதும். சிப்பும் வேண்டாம், தனிக் கரண்டும் வேண்டாம். 1080பி, 60 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 60 படம்) சுத்தமாக வரும். ஒலி மட்டும் வராது, அதற்கு வேறு வழி பார்க்க வேண்டும். சில பழைய டிவிஐ மானிட்டர்களில் எச்டிசிபி கிடையாது, கன்சோலில் அதை அணைக்காமல் அங்கே படம் வராது.

டிஸ்ப்ளே போர்ட்டில்தான் காசை வீணாக்குகிறவர்கள் அதிகம். ஒரு முனை டிஸ்ப்ளே போர்ட், மறுமுனை எச்டிஎம்ஐ என்று ஒரு வயர் எல்லாக் கடையிலும் தொங்கும். வாங்கி மாட்டினால் படம் வராது. கடைக்காரரோடு சண்டை போட்டும் பயனில்லை, வயரில் குறை ஒன்றும் கிடையாது. அது கம்ப்யூட்டரின் டிஸ்ப்ளே போர்ட்டிலிருந்து டிவியின் எச்டிஎம்ஐக்குப் போவதற்கென்று செய்தது, ஒருவழிப் பாதை. நமக்கு வேண்டியது எதிர்த்திசை: கன்சோலின் எச்டிஎம்ஐயிலிருந்து மானிட்டரின் டிஸ்ப்ளே போர்ட்டுக்கு. இரண்டின் சிக்னல் முறையும் வேறு என்பதால் இதற்கு உள்ளே சிப் வைத்த கன்வெர்ட்டர்தான் வேண்டும், அதற்குக் கரண்டும் வேண்டும். அடையாளம் எளிது. எச்டிஎம்ஐ முனையிலிருந்து யுஎஸ்பி வால் ஒன்று தொங்கும், அல்லது யுஎஸ்பி ஓட்டை இருக்கும். அந்த வால் இல்லாததை எடுக்காதீர்கள். கடையில் கேட்கும்போது ‘எச்டிஎம்ஐ டு டிபி’ என்று வரிசை மாறாமல் கேளுங்கள், ‘எச்டிஎம்ஐ உள்ளே போகணும், டிபி வெளியே வரணும்’ என்று சேர்த்துச் சொன்னால் இன்னும் நல்லது. அதே மானிட்டரில் டிவிஐயும் இருந்தால் இந்தச் செலவே வேண்டாம், மேலே சொன்ன சாதா வயரை வாங்கிக்கொள்ளலாம்.

விஜிஏ 1987ஆம் வருடத்துப் பொருள், அனலாக். எச்டிஎம்ஐ டிஜிட்டல். நடுவில் மாற்றித்தர சிப் இல்லாமல் எதுவும் நடக்காது. இரண்டு முனையையும் வெறும் கம்பியால் இணைத்து விற்கும் வயர்கள் கன்சோலுக்கு உதவவே உதவாது. எச்டிஎம்ஐ முனையிலிருந்து குட்டையான வால் போய் ஒரு சின்னப் பெட்டியில் விஜிஏ ஓட்டையோடு முடியும் கன்வெர்ட்டர்தான் வேண்டும். பெட்டியின் பக்கவாட்டில் இயர்போன் ஓட்டையும் மைக்ரோ யுஎஸ்பி ஓட்டையும் இருப்பதாகப் பார்த்து எடுங்கள். முதலாவது ஒலிக்கு, இரண்டாவது கரண்டுக்கு. எச்டிஎம்ஐ விதிப்படி 18ஆம் காலில் கன்சோல் கட்டாயம் தர வேண்டிய கரண்ட் 55 மில்லி ஆம்பியர்தான். கன்வெர்ட்டர் சிப்புக்குப் பல சமயம் அது பற்றாது. படம் வந்து சில நிமிடங்களில் சிமிட்டுவது, ஓரமாக அலையடிப்பது, திடீரென்று கறுத்துப்போய் மறுபடி வருவது எல்லாம் பெரும்பாலும் அந்தப் பற்றாக்குறைதான். கன்சோலின் யுஎஸ்பி ஓட்டையிலிருந்தே ஒரு வயர் போட்டால் நின்றுவிடும்.

விஜிஏவில் அடுத்த தடை எச்டிசிபி. அனலாக் வயரில் அந்தப் பூட்டைப் போட முடியாது. சில கன்வெர்ட்டர்கள் அதைக் கண்டுகொள்ளாது, சிலது கறுப்புத் திரை காட்டும். பிளேஸ்டேஷன் 4, 5 இரண்டிலும் செட்டிங்ஸில் சிஸ்டம் பகுதிக்குள் போய் எச்டிசிபியை அணைக்கலாம். படமே தெரியாதபோது எப்படி அணைப்பது? சீரியல் ஓடாத நேரமாகப் பார்த்து வீட்டு டிவியில் ஒரு தடவை மாட்டி, அணைத்துவிட்டு, பிறகு மானிட்டருக்குக் கொண்டுவாருங்கள். அணைத்தால் விளையாட்டு ஓடும். நெட்பிளிக்ஸ் போன்ற ஆப்கள் ஓடாது. பிளேஸ்டேஷன் 3இல் இப்படி அணைக்கும் வசதி கிடையாது, அதை விஜிஏவில் மாட்ட மெனக்கெட வேண்டாம். எக்ஸ்பாக்ஸ் 360 மட்டும் விதிவிலக்கு. அதன் பின்னால் ஏவி ஓட்டை இருக்கும் மாடல்களுக்கென்றே தனி விஜிஏ வயர் வந்தது. அது கிடைத்தால் கன்வெர்ட்டர் இல்லாமல் அருமையான படம் வரும்.

பழைய 17 இன்ச் சதுர மானிட்டர்களின் அளவு 1280க்கு 1024. கன்சோல் அனுப்புவதோ அகலப் படம். நெட்டுக்கு இழுத்து ஆட்கள் ஒட்டடைக்குச்சி மாதிரி தெரிவார்கள், பந்து முட்டையாகும். 1080பி அனுப்பினால் ‘அவுட் ஆஃப் ரேஞ்ச்’ என்று நிற்கவும் கூடும். பிளேஸ்டேஷன் 4இல் 720பி வைத்தால் ஓடும். வீட்டில் சும்மா கிடந்தால் இப்படி ஓட்டிக்கொள்ளலாம். கன்சோலுக்கென்று காசு கொடுத்து விஜிஏ மானிட்டர் வாங்குவது மட்டும் கூடவே கூடாது. கன்வெர்ட்டர், ஸ்பீக்கர் எல்லாம் சேர்த்தால் எச்டிஎம்ஐ உள்ள செகண்ட் ஹேண்ட் மானிட்டரின் விலையை நெருங்கிவிடும்.

புது மானிட்டர் வாங்குகிறவர்கள் ஹெர்ட்ஸ் எண்ணைப் பார்த்து மயங்குகிறார்கள். அட்டைப்பெட்டியில் 165, 180 என்று போட்டிருப்பது பல சமயம் டிஸ்ப்ளே போர்ட் வழியே கம்ப்யூட்டருக்குக் கிடைக்கும் வேகம். எச்டிஎம்ஐ வழியே அது குறையலாம். பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் இரண்டுமே 120க்கு மேல் போவதில்லை, மிச்சத்துக்குக் கொடுக்கும் காசு கன்சோலுக்குப் பயன்படாது. 4கேயில் 120 வேண்டுமென்றால் மானிட்டரில் எச்டிஎம்ஐ 2.1 கட்டாயம். 1080பிக்கும் 4கேக்கும் நடுவில் இருக்கும் 1440பியில் 120க்கு 2.0 போதும், அதன் 18 கிகாபிட் அகலத்துக்குள் அடங்கிவிடும். பிளேஸ்டேஷன் 5க்கு 1440பி வசதி 2022 செப்டம்பர் அப்டேட்டில்தான் வந்தது, அதற்கு முந்தைய சாஃப்ட்வேரோடு பெட்டியில் தூங்கிய கன்சோலாக இருந்தால் முதலில் அப்டேட் செய்ய வேண்டும். பிளேஸ்டேஷன் 4 புரோ 1440பி அனுப்பாது. அந்த மானிட்டரில் அது 1080பியாகவே வந்து, ஒவ்வொரு புள்ளியும் ஒன்றேகால் சொச்சமாக நீட்டப்படும், எழுத்தெல்லாம் கொஞ்சம் மசமசப்பாகத் தெரியும். 1080பி படம் 4கே மானிட்டரில் சரியாக இரண்டு மடங்கு என்பதால் அங்கே இந்தத் தொல்லை குறைவு. பிளேஸ்டேஷன் 4 அல்லது நின்டெண்டோவின் முதல் ஸ்விட்ச் கன்சோல் வைத்திருப்பவருக்கு 24 இன்ச், 1080பி, பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத ஐபிஎஸ் திரை, எச்டிஎம்ஐ ஓட்டை இருந்தால் போதும். அதற்கு மேல் வேண்டியதில்லை.

எச்டிஆர் என்றால் வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூடுதலாகக் காட்டும் படம். எச்டிஆர் என்று எழுதியிருக்கும் விலை குறைந்த மானிட்டர்கள் அந்தச் சிக்னலை வாங்கிக்கொள்ளும், ஆனால் காட்டத் தேவையான வெளிச்சம் திரையில் இருக்காது. படம் சோகை பிடித்தது போல் ஆகும். கன்சோலில் எச்டிஆரை அணைத்துவிடுவது உத்தமம்.

எச்டிஆர் அணைத்த பிறகும் கறுப்பு சாம்பலாகத் தெரிந்தால் ஆர்ஜிபி ரேஞ்சைப் பாருங்கள். டிவி உலகத்தில் கறுப்பு 16, வெள்ளை 235. கம்ப்யூட்டர் உலகத்தில் 0 முதல் 255. கன்சோல் டிவி கணக்கில் அனுப்பி, மானிட்டர் கம்ப்யூட்டர் கணக்கில் வாங்கினால் 16 என்பதைச் சாம்பலாகவே காட்டும், எல்லாம் பனிமூட்டம் போட்ட மாதிரி இருக்கும். எதிர்ப்பக்கமாகத் தவறினால் இருட்டு மூலையில் ஒளிந்திருக்கும் எதிரி தெரியவே மாட்டான், நிழல் எல்லாம் ஒரே கறுப்புத் திட்டாகிவிடும். கன்சோலின் வீடியோ செட்டிங்ஸில் ஆட்டோமேட்டிக் என்பதை ஃபுல் என்று மாற்றி, மானிட்டர் மெனுவில் பிளாக் லெவல் அல்லது பிசி/ஏவி என்று இருப்பதையும் அதற்கேற்ப வையுங்கள். இரண்டும் ஒரே கணக்கில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒலிக்கு வழி பல. மானிட்டருக்குப் பின்னால் இயர்போன் ஓட்டை இருந்தால், எச்டிஎம்ஐயில் வந்த ஒலி அதில் வெளிவரும். அங்கே ஒரு ஜோடி கம்ப்யூட்டர் ஸ்பீக்கரை மாட்டலாம். அது இல்லையென்றால் பிளேஸ்டேஷன் 4, 5 கன்ட்ரோலரின் அடியில் இருக்கும் ஓட்டையில் போன் இயர்போனைச் சொருகி, செட்டிங்ஸில் எல்லா ஒலியும் ஹெட்போனுக்கு என்று வையுங்கள். நின்டெண்டோ ஸ்விட்சில் கன்சோலின் மேலேயே ஓட்டை உண்டு, திரையோடு இணைக்கும் டாக் என்ற தாங்கியில் வைத்தாலும் வேலை செய்யும். சாதா புளூடூத் ஹெட்போன் பிளேஸ்டேஷனில் சேராது என்பதை வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

திருவிழாக் கடைகளில் விற்ற ‘டிவி கேம்’ பெட்டிகளையும் பிளேஸ்டேஷன் 2ஐயும் இன்னும் வைத்திருக்கும் வீடுகள் உண்டு. மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஏவி வயர். இதற்கு ஏவியிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றும், உள்ளங்கை அளவுப் பெட்டி கிடைக்கும். ஆனால் எச்டிஎம்ஐயிலிருந்து ஏவிக்கு மாற்றும் பெட்டியும் அதே உருவம், அதே நிறம், பக்கத்திலேயே அடுக்கியிருப்பார்கள். வித்தியாசம் சின்ன ஸ்விட்சில் இருக்கிறது. 720பி/1080பி என்று ஸ்விட்ச் இருந்தால் அதுதான் நமக்கு வேண்டியது. பால்/என்டிஎஸ்சி என்று இருந்தால் எதிர்த்திசை, வைத்துவிட்டு வாருங்கள். பிளேஸ்டேஷன் 2இன் முதுகில் நேராகச் சொருகும் எச்டிஎம்ஐ கட்டையும் கிடைக்கிறது. அதைப் போட்டு நிறம் கெட்டுத் தெரிந்தால், கன்சோலின் சிஸ்டம் மெனுவில் காம்போனென்ட் வீடியோ என்பதை ஆர்ஜிபியிலிருந்து மற்றதற்கு மாற்ற வேண்டும். இதன் 480ஐ படத்தைக் கம்ப்யூட்டர் மானிட்டர்கள் சிலது ஏற்பதே இல்லை. அப்போது ஏவி பெட்டிதான் கதி, படம் கொஞ்சம் மங்கல் என்றாலும் ஓடும்.

கரண்ட் விஷயத்துக்கு நம் சீமையில் தனிக் கவனம் வேண்டும். வளைகுடாவிலிருந்து வந்த பிளேஸ்டேஷன் 5 நம் 230 வோல்ட்டுக்குப் பொருந்தும். பிளக் மட்டும் அங்குள்ள பட்டை மூன்று முனை. அதற்கு அடாப்டர் கட்டை வைத்து ஆட்டிக்கொண்டிருக்காதீர்கள். கன்சோலில் சொருகும் முனை எட்டு வடிவம், பழைய டேப் ரிக்கார்டர் வயரும் அதே வடிவம்தான். நல்ல தடிமனான வயராக எலெக்ட்ரிக்கல் கடையில் கேட்டு மாற்றிவிடுங்கள்.

கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறும் நொடியில் மானிட்டர் எரிந்துகொண்டிருக்க, கன்சோல் மட்டும் அணைந்து மறுபடி ஆன் ஆகிறதா? இன்வெர்ட்டரில் யுபிஎஸ் மோடு, ஈகோ மோடு என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும். யுபிஎஸ்ஸில் வைத்தால் மாறும் நேரம் குறையும். இன்வெர்ட்டர் சைன் வேவாக இருப்பது நல்லது. பிளேஸ்டேஷன் 4இன் ஹார்ட் டிஸ்க்குக்கு இந்தத் திடீர் அணைப்புகள் ஆகவே ஆகாது.

அடுத்தது எர்த். பிளேஸ்டேஷன் 5இல் சொருகும் எட்டு வடிவ முனைக்கு இரண்டு கம்பிதான், எர்த் கிடையாது. மானிட்டர்கள் பலவற்றுக்கு மூன்று முனை. எச்டிஎம்ஐ வயரின் உலோக உறை வழியே இரண்டும் இணைகின்றன. வீட்டு எர்த் செத்துக் கிடந்தால், மானிட்டரின் உலோகப் பாகத்தில் கை படும்போது சுரீரென்று இருக்கும், ஸ்பீக்கரில் ஊங்காரம் கேட்கும். இரண்டும் ஓடிக்கொண்டிருக்கும்போது எச்டிஎம்ஐயைச் சொருகினால் அந்த வோல்ட்டேஜ் சிக்னல் கால்கள் வழியே பாய்ந்து சிப்பை எரித்துவிடக்கூடும். அதனால் எச்டிஎம்ஐயைச் சொருகும்போதும் உருவும்போதும் இரண்டு பிளக்கையும் கழற்றிவிடுங்கள். சித்திரை, வைகாசியில் மண் காய்ந்து எர்த் வலுவிழக்கும். எர்த் குழியில் அவ்வப்போது தண்ணீர் ஊற்றி வாருங்கள். எலெக்ட்ரீஷியனிடம் மல்டிமீட்டர் வைத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றிரண்டு வோல்ட் இருந்தால் நல்லது, பத்து இருபது காட்டினால் வயரிங்கைப் பார்க்க வேண்டும்.

சித்திரைச் சாயங்காலங்களில் மலைப்பக்கமிருந்து வரும் இடியும், ஐப்பசி கார்த்திகை மழையோடு வரும் இடியும் எச்டிஎம்ஐ சிப்புக்கு எமன். கேபிள் டிவி வயர் தெருவெல்லாம் வீட்டுக்கு வீடு தொங்கி வருகிறது. அது செட்டாப் பாக்ஸுக்குள் போய், அங்கிருந்து எச்டிஎம்ஐயாக அதே மானிட்டருக்கு வந்தால், எங்கோ விழுந்த இடியின் வீச்சு கன்சோல்வரை வந்துவிடும். பவர் பிளக்கைக் கழற்றுவது மட்டும் போதாது. மேகம் கறுக்கும்போதே கன்சோலின் எச்டிஎம்ஐயையும், செட்டாப் பாக்ஸில் திருகியிருக்கும் கேபிள் வயரையும் எடுத்துவிடுங்கள்.

இடிக்குப் பிறகு படம் வரவில்லையென்றால் கன்சோலை உடனே பிரிக்கக் கொடுக்காதீர்கள். முதலில் வேறு வயர், பிறகு அதே மானிட்டரில் லேப்டாப், பிறகு அதே கன்சோல் வேறு திரையில் என்று இந்த வரிசையில் பாருங்கள். லேப்டாப் படம் காட்டி, கன்சோல் எந்தத் திரையிலும் காட்டாமல், விளக்கு மட்டும் எரிந்து பீப் ஒலி ஒழுங்காக வந்தால், சந்தேகம் எச்டிஎம்ஐ ஓட்டையிலோ அதற்குப் பின்னால் இருக்கும் சிப்பிலோதான். உவரி, கூடங்குளம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றில் ஓட்டையின் கால்கள் பச்சை பூத்திருப்பதும் உண்டு. டார்ச் அடித்துப் பார்த்தாலே தெரியும். கால் வளைந்திருந்தாலும் பூத்திருந்தாலும் ஓட்டையை மாற்றினால் போதும். சிப் போயிருந்தால் ஹாட் ஏர் வைத்து எடுத்துப் போட வேண்டிய நுணுக்கமான வேலை. போன் போர்டு பார்த்துப் பழகிய கையிடம் கொடுங்கள், ஓட்டையா சிப்பா என்று கேட்டு, மாற்றிய பழைய பாகத்தையும் கையோடு வாங்கி வாருங்கள்.